அடித்தையல்

பை என் மடியிலயே இருக்கட்டும்மா. மேல வைக்க வேண்டாம். உங்களைச் சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. மேல வச்சா என் கண்ணு அங்கயே போகும், உங்ககூடப் பேச முடியாது. நான் யாரையும் சந்தேகப்படுற ஆள் இல்ல. என் வீட்டுக்காரர்கிட்டக் கேட்டா வேற மாதிரி சொல்லுவாரு. அவரு பேச்சை விடுங்க.

மதுரைக்குத்தான் போறேன். என் ஓரகத்தியைப் பார்க்க. என் கொழுந்தனார் சம்சாரம், பேரு பொன்மாரி. அவதான் போன் பண்ணி வரச் சொன்னா. எதுக்குன்னு கேட்டேன். "சும்மாதான் அக்கா, ரெண்டு நாள் எங்ககூட இருந்துட்டுப் போங்க"ன்னா. சும்மா யாராவது கூப்பிடுவாங்களா? அதுவும் எட்டு மாசம் கழிச்சு? அதுவும் என்னை? மூணு நாளா இதே யோசனைதான் எனக்கு. நீங்க படிச்ச பொண்ணு மாதிரி தெரியுது. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, அவ மனசுல என்ன இருக்கும்னு.

எனக்குத் தொழில் தையல். கோவில்பட்டியில வீட்டோட முன்ரூம்லயே ரெண்டு மிஷின் போட்டிருக்கேன். இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. பிளவுஸ், சுடிதார், பை, தலையணை உறை, எது கொண்டுவந்தாலும் தைப்பேன். வீடு மாமனார் கட்டினது. அவரு போயி ஏழு வருஷம் ஆகுது. வீட்டைப் பிரிக்கல. நாங்க கீழ, கொழுந்தனாரும் பொன்மாரியும் மாடி. சமையல் எல்லாருக்கும் ஒண்ணாத்தான். கொழுந்தனார் அழகுராஜ் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை, மாசத்துக்கு ஒருதடவை வருவாரு. பொன்மாரி டீச்சர். பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல நாலாங்கிளாஸ் எடுத்தா. பிள்ளை இல்ல. வீட்டுப் பத்திரம் அத்தையோட, அதான் என் மாமியாரோட, பீரோவுல இருக்கு. இதைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கோங்க.

போன ஆடி மாசம். ஒரு நாள் மத்தியானம் பொன்மாரி மிஷின்கிட்ட வந்து நின்னா. "அக்கா, எனக்கு ஒரு பை தைச்சுக் குடுக்கணும். புத்தகம் கொண்டு போறதுக்கு"ன்னா. சரி, என்ன அளவுன்னு கேட்டேன். நீளம் பதினாலு இஞ்ச், உயரம் பன்னெண்டு, அடி அகலம் ஆறு. கேன்வாஸ் துணியில வேணுமாம். உள்ள ஸ்பாஞ்ச் வச்சு ரெட்டையாத் தைக்கணுமாம். அடியில கெட்டி அட்டை வைக்கணுமாம். வச்ச இடத்துல பை நிக்கணும், சாயக் கூடாது, உள்ள இருக்கிறது மேல அழுத்தம் விழக் கூடாதுன்னு ரெண்டு தடவை சொன்னா.

நான் என்ன நினைப்பேன்? புத்தகத்துக்கு எதுக்குங்க ஸ்பாஞ்ச்? புத்தகம் என்ன கண்ணாடியா?

அதோட விட்டாளா, இல்ல. பையோட ஒரு பக்கத்துல மட்டும் வெளியில ஒரு பட்டன் தைக்கணுமாம். "காஜா எங்க எடுக்கணும்?"னு கேட்டேன். காஜா வேண்டாமாம், சும்மா பட்டன் மட்டும் போதுமாம். எதையும் மாட்டாத பட்டன் எதுக்குடி? அடையாளத்துக்காம். யாருக்கு அடையாளம்? அதுக்குச் சிரிச்சுட்டுப் போயிட்டா.

அன்னைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கல. மறுநாள் அவ பள்ளிக்கூடம் போனப்புறம் மாடிக்குப் போயி, அவ அலமாரியில இருந்த புத்தகத்தையெல்லாம் டேப் வச்சு அளந்தேன். அளந்தா என்ன? தையல்காரிக்கு அளவு சரியா வேணும்ல. பாடப் புத்தகம் பத்து இஞ்ச் கூட இல்ல. நோட்டு அதைவிடச் சின்னது. லாங் சைஸ் நோட்டே பன்னெண்டைத் தாண்டல. அந்த வீட்டுல பதினாலு இஞ்ச் பையில சரியாப் போயி உக்காருற பொருள் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அத்தை பீரோவுல இருக்கிற பத்திரக் கட்டு. பழைய பத்திரம், தாய்ப் பத்திரம், எல்லாம் நீளக் காகிதம். மடிச்சா கிழிஞ்சிரும். மடிக்காம, அழுத்தாமத்தான் கொண்டு போகணும். இப்பச் சொல்லுங்க, ஸ்பாஞ்ச் எதுக்குன்னு.

அந்த வருஷம் சித்திரையிலதான் கொழுந்தனார் அத்தைகிட்ட, "வீட்டை எப்பத்தான்மா பிரிக்கப் போறோம்"னு ஒரு வார்த்தை கேட்டிருந்தாரு. ஒரு வார்த்தைதான். ஆனா கேட்டாருல்ல. வீடு கைமாறினா முதல்ல போறது எது? என் முன்ரூம். ரோட்டைப் பார்த்த ரூம். நான் மிஷினைத் தலையில தூக்கிக்கிட்டு எங்க போவேன்?

சாத்தூர் வந்துருச்சா? இன்னும் நேரம் இருக்கு. சரி, கேளுங்க.

அப்புறம்தான் ஒவ்வொண்ணா எனக்கு விளங்க ஆரம்பிச்சுது. சனிக்கிழமை ஆனா அவ மதுரைக்குப் போவா. ட்ரெயினிங்னு சொல்லுவா. என்ன ட்ரெயினிங்னு கேட்டா, "டீச்சர்களுக்கு உள்ளதுதான் அக்கா"ம்பா. போகும்போது ஒரு கட்டைப்பையில என்னமோ சேலையைச் சுத்தி எடுத்துட்டுப் போவா. அந்தப் பை ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுத் தொங்கும்.

சாயங்காலம் ஆயிட்டா அவ ஒரு வேலையும் செய்ய மாட்டா. ஆறு மணிக்கு மேல ஒரு சேர்ல உக்காந்தான்னா உக்காந்ததுதான். படிச்ச திமிருன்னு நினைச்சேன். ஒருநாள் அடுப்படி வாசல்ல காபி டம்ளரை நீட்டுறேன், நீட்டிக்கிட்டே நிக்கிறேன், வாங்காம நேரே சுவரைப் பார்த்துட்டு நிக்கிறா. கை வலிச்சு, கிரைண்டர் மேல நங்குன்னு வச்சேன். அப்பத்தான் திரும்பி, "ஐயோ, கவனிக்கல அக்கா"ங்கிறா. முகத்துக்கு முன்னால நீட்டினதைக் கவனிக்கலயாம்.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. ஒரு சாயங்காலம் கரண்ட் போயிருந்துச்சு. நான் மெழுகுவத்தி எடுக்க உள்ள போறேன். அத்தை ரூம்ல பொன்மாரி நிக்கிறா. பீரோவோட விளிம்பை மேலருந்து கீழ வரைக்கும் கையால தடவிக்கிட்டு நிக்கிறா. "என்னடி செய்ற?"ன்னு நான் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டுச்சு அவளுக்கு. வழி தேடுறாளாம். ஆறு வருஷமாப் புழங்குற வீட்டுல வழி தேடுறாளாம். சாவி தேடுறான்னு நான் நினைச்சது தப்பாம்மா? நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க?

அத்தைகிட்டச் சொல்லலாம்தான். ஆனா கையும் களவுமாப் பிடிக்காமச் சொன்னா, நான்தான் பொல்லாதவன்னு ஆகும். அதனால பையைத் தைச்சேன். நல்லாவே தைச்சேன். கேன்வாஸை ரெட்டையா மடிச்சு உள்ள ஸ்பாஞ்சும் வச்சா மிஷின் இழுக்காது. ரெண்டு ஊசி ஒடிஞ்சுது. பதினெட்டாம் நம்பர் ஊசி மாத்தி, நைலான் நூல் போட்டு, மூலைக்கு மூலை ரெண்டு தடவை அடிச்சேன். கைப்பிடிக்குப் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்க அடிச்சுத் தைச்சேன். பட்டனும் வச்சேன். அப்படி ஒரு பையை நான் அதுக்கு முன்னால தைச்சதில்ல.

அடித்தையல் மட்டும் வேற மாதிரி போட்டேன்.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க யாரோ, நான் யாரோ. அடிப்பக்கத்துக்கு நைலான் நூலை எடுத்துட்டுப் பிளவுஸ் நூலைப் போட்டேன். தையல் அளவை இருக்கிறதுலயே நீளத்துக்குத் தள்ளி வச்சு ஒரே ஓட்டு ஓட்டினேன். கனம் ஏறி நாலு எட்டு நடந்தா பிரிஞ்சிரும். வீட்டு முற்றத்துல, அத்தை கண்ணு முன்னால பிரியணும். உள்ள இருக்கிறது கீழ விழணும். எல்லாரும் பார்க்கணும். அவ்வளவுதான் நான் நினைச்சது. அவ பத்திரத்தை எடுத்துட்டுப் போகலைன்னா பிரிஞ்சாத்தான் என்ன? ஒரு பை பிரிஞ்சதுக்கு யாரும் செத்துப் போகப் போறதில்லயே.

பையை வாங்கிக்கிட்டு அவ கண்ணால பார்க்கவே இல்ல. விரலை வச்சு ஓரம் பூராவும் தடவினா. வாய்ப்பட்டியில ஒரு இடத்துல நிறுத்தி, "இங்க ஒரு தையல் விட்டுப்போயிருக்கு அக்கா"ன்னா. பார்த்தா நெசந்தான், ஒரே ஒரு கண்ணி விட்டிருந்துச்சு. எனக்கு எவ்வளவு கோவம் வந்திருக்கும் பாருங்க. அடிப்பக்கத்தையும் தடவினா. ஒண்ணும் சொல்லல. ரொம்ப நல்லாருக்கு அக்கான்னு சொல்லி என் கையைப் பிடிச்சுட்டுப் போனா.

அந்தச் சனிக்கிழமை காலையில மாடியிலருந்து பையோட இறங்கினா. பை நல்லாக் கனமா இருந்துச்சு. அத்தை முற்றத்துல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நான் மிஷினை நிறுத்திட்டுப் பார்க்கேன். ஒவ்வொரு படியா இறங்குறா. பை பிரியல. முற்றத்தைத் தாண்டினா, பிரியல. தெருவுல இறங்கிட்டா. என் கை ராசி அப்படி, ஏனோதானோன்னு தைச்சாக்கூட நிக்குது. நான் செருப்பை மாட்டிக்கிட்டுப் பின்னாலயே போனேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். ஒருதடவை அவளுக்குப் பக்கத்துலயே நடந்தேன்னா நம்புவீங்களா? என் சேலை அவ மேல உரசாத குறைதான். என்னைப் பார்க்கவே இல்ல. நம்ம சாமர்த்தியம்னு நினைச்சுக்கிட்டேன்.

மதுரை பஸ்ல ஏற முதல் படியில காலை வச்சா. அப்பப் பிரிஞ்சுது.

விழுந்தது பத்திரம் இல்லம்மா. மூணு புத்தகம். ஒவ்வொண்ணும் ஆபீஸ் ரிஜிஸ்டர் மாதிரி அவ்வளவு பெருசு, அவ்வளவு தடி. கூடவே ஒரு வெள்ளைக் குச்சி, நாலா மடிச்சு ரப்பர் போட்டது. புத்தகம் ஒண்ணு சறுக்கி என் காலடிக்கே வந்துச்சு. எடுத்துப் பிரிச்சா, பக்கம் பக்கமா வெள்ளை. ஒரு எழுத்து இல்ல. தாள் பூராவும் வேர்க்குரு மாதிரிப் புள்ளி. அப்பக்கூட என் புத்தி எங்க போச்சு தெரியுமா? ஏதோ ரகசியமா எழுதி வச்சிருக்கான்னு போச்சு. கண்டக்டர்தான் இறங்கி வந்து பார்த்துட்டு, "கண்ணு தெரியாதவங்க தடவிப் படிக்கிற புத்தகம்மா இது"ன்னாரு.

பொன்மாரி தரையில முட்டி போட்டு உக்காந்திருந்தா. தலையை இப்படி அப்படித் திருப்பி, ஒரு குழாய்க்குள்ள இருந்து பார்க்கிற மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாப் பார்க்கிறா. சுத்திக் கூட்டம். "மூணாவது புத்தகம் யாருகிட்டயாவது இருக்கா? யாராவது பார்த்து எடுத்துக் குடுங்களேன்"னு கேட்கிறா. நான் ரெண்டு எட்டு தள்ளி அந்தப் புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். பட்டப்பகல். அவ என்னைப் பார்க்கல.

நான் வாயைத் திறக்கல. புத்தகத்தை அவ கையில வச்சேன். "ரொம்ப நன்றிங்க"ன்னா. யாரோ முன்பின் தெரியாத ஆளுக்குச் சொல்ற மாதிரி. நான் திரும்பி நடந்து வந்துட்டேன்.

தண்ணி வேண்டாம்மா. இருக்கு என்கிட்ட.

வீட்டுக்கு வந்து நேரா அத்தைகிட்டச் சொன்னேன். ஏன் சொன்னேன்னு கேட்காதீங்க, எல்லாரும் கேட்டாச்சு. மனசுல இருந்த பாரம் இறங்கின சந்தோஷத்துல சொல்லிட்டேன். பத்திரத்துக்கு ஆபத்து இல்ல அத்தை, அவளுக்குக் கண்ணுதான் போகுதுன்னு சொன்னேன். இப்படித்தான் சொன்னேன், இதே வார்த்தைதான். வீட்டுல உள்ளவங்களுக்குத் தெரிய வேண்டாமா?

அத்தை அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க. குருட்டுப் பொண்ணை மறைச்சு நம்ம தலையில கட்டிட்டாங்கன்னு ஒரே ஆங்காரம். தெரு முழுக்கப் பேச்சாச்சு. திருப்பூருக்குப் போன் போச்சு. கொழுந்தனார் மறுநாள் காலையில வந்து இறங்கினாரு. அவரு சத்தமே போடல. எல்லாரும் நிக்கும்போது, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மாரி"ன்னு மட்டும் கேட்டாரு.

அவ நிதானமாச் சொன்னா. சின்ன வயசுலருந்தே மாலைக்கண் இருந்திருக்கு. கீரையும் கேரட்டும் குடுத்தாச் சரியாப் போயிரும்னு வீட்டுல நினைச்சிருக்காங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால மதுரையில பெரிய டாக்டர்கிட்டக் காட்டினப்பதான், இது ஓரத்துலருந்து சுருங்கிச் சுருங்கி ஒருநாள் நடுவுலயும் போயிரும்னு சொல்லியிருக்காங்க. மருந்து இல்லையாம். பார்வை இருக்கிறபோதே தடவிப் படிக்கக் கத்துக்கிட்டா, கண்ணு தெரியாத பிள்ளைகளுக்கே டீச்சரா ஆகலாமாம். அதுக்குத்தான் சனிக்கிழமை போயிருக்கா. கட்டைப்பையில வச்சுக் கொண்டு போனதுல புத்தகம் வளைஞ்சு, புள்ளியெல்லாம் நசுங்கிப் போச்சாம். நசுங்கினா விரலுக்குத் தெரியாதாம்.

"பங்குனியில பரீட்சை. முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேங்க. கையில ஒண்ணு இருக்கும்போது சொல்லணும்னு நினைச்சேன். வெறுங்கையோட வந்து சொன்னா எல்லாரும் பரிதாபப்படத்தானே செய்வீங்க"ன்னா.



பள்ளிக்கூடத்துக்கும் சேதி போயிருச்சு. ரெஸ்ட் எடுத்துக்கோங்க டீச்சர்னு மரியாதையாத்தான் சொன்னாங்களாம். அந்த மாசத்தோட வேலை போச்சு. கொழுந்தனார் திருப்பூர் வேலையை விட்டுட்டு மதுரையில ஒரு துணிக்கடையில சேர்ந்தாரு. அவ படிக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே ஒத்தை ரூம் பார்த்துக்கிட்டாங்க. அத்தை இருந்த கோவத்துல, வீடு பெரியவனுக்குத்தான்னு சொல்லிட்டாங்க. இப்ப ஊர்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? வீட்டுக்கு ஆசைப்பட்டு ஜெயக்கொடிதான் போட்டுக் குடுத்துட்டான்னு பேசிக்கிறாங்க. ஜெயக்கொடிங்கிறது என் பேருதான். என் வீட்டுக்காரரே ஒருநாள், அன்னைக்கு நீ எதுக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போனன்னு கேட்டாரு. கட்டின புருஷன் சந்தேகப்பட்டா எப்படி இருக்கும் சொல்லுங்க. மனுசங்களை நம்பவே கூடாதுன்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

சாமானெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு. கிளம்புற நேரத்துல பொன்மாரி மிஷின்கிட்ட வந்தா. பிரிஞ்ச பையைக் கையில வச்சிருந்தா. "அக்கா, இதை மட்டும் மறுபடி அடிச்சுத் தந்துருங்க"ன்னா. நான் வாங்கினேன். அப்பச் சொன்னா, "தைச்சுக் குடுத்த அன்னைக்கே அடித்தையல் நீளமா இருக்கிறது விரல்ல தெரிஞ்சுது அக்கா. சொன்னா மனசு வருத்தப்படுவீங்கன்னு விட்டுட்டேன். வேலை அவசரத்துல போட்டிருப்பீங்க."

நானும், "ஆமாடி, முகூர்த்த பிளவுஸ் குமிஞ்சு கிடந்துச்சு"ன்னேன்.

"அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்"னா.

உடனே நைலான் நூல் போட்டு மூணு வரிசை அடிச்சுக் குடுத்தேன். வாங்கிட்டுப் போயிட்டா. வண்டி தெருமுனை திரும்பினப்புறம்தான் எனக்கு உறைச்சுது. அவ பை தைக்கச் சொன்னது ஆடி மாசம். ஆடியில ஏதும்மா முகூர்த்தம்? ஆடி மாசம் நான் ஈ ஓட்டிக்கிட்டுல்ல உக்காந்திருப்பேன், அது அவளுக்கும் தெரியும்.

அதனாலதான் கேட்கேன். அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னாளா? பரீட்சையில தேறிட்டா. பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிற வேலையும் கிடைச்சிருச்சாம். எல்லாம் நல்லபடியா ஆனப்புறம் இப்ப எதுக்கு என்னைக் கூப்பிடுறா? பக்கத்துல உக்கார வச்சு நாலு வார்த்தை கேட்கவா? கேட்டாக்கூடப் பரவாயில்லம்மா. கேட்காம, சாப்பாடு போட்டு, தலைக்குப் பூ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டான்னா நான் என்ன செய்வேன்?

சும்மா உங்களைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டிருப்பாங்கன்னு சொல்றீங்க. உங்க வயசு அப்படிச் சொல்லும்.

மாட்டுத்தாவணி வந்துருச்சு போல. நீங்க முதல்ல இறங்குங்கம்மா, எனக்கு முட்டி வலி, மெதுவாத்தான் வருவேன். அந்தா பாருங்க, கடைக்கு முன்னால மஞ்சள் சேலை கட்டி, வெள்ளைக் குச்சியோட நிக்கிறா பாருங்க, அவதான். வேற ஏதோ பஸ்ஸைப் பார்த்து நிக்கிறா. தனியாவே வந்திருக்கா.

நீங்க இறங்கி அவ பக்கமாத்தான் போகணும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன் தாயி. அடித்தையல் விஷயத்தை அவகிட்டச் சொல்லிராதீங்க. உங்களுக்கு அவளைத் தெரியாதுதான், இருந்தாலும் சொல்றேன். அதை நான்தான் சொல்லணும்.